கண்ணேறுக்குப் பயந்து முனகியது

தமன்ஹூர்,
வியாழக்கிழமை

என் கண்ணு ஈனாஸுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், நீயும் மருமகனும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க ராப்பகலாக துஆ கேட்கிறேன். ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. போன வாரம் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சியை எதற்குப் பதறவைக்கணும் என்று வாப்பாதான் மறைக்கச் சொன்னார். போனில் சொன்னால் நீ அழுதே என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் கடுதாசி.

அன்று வயிற்றைக் கீறி உன்னை எடுத்த அதே தழும்பில்தான் கத்தி வைப்போம் என்றார்கள், பயத்தில் எனக்கு உயிரே இல்லை போ. ஆனால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா நிஹால், சின்னப் பொண்ணு, நான் தூங்கினதும் ஸ்கேனில் பார்த்துப் பார்த்து வயிற்றின் இரண்டு பக்கமும் நரம்பு மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறாள். கண் விழித்தால் வலியைக் காணோம்! உள்ளே லேசாக ஒரு பிசைவு, அதற்கு மாத்திரை, அவ்வளவுதான். சாயங்காலம் வாப்பாவின் தங்கச்சி பஹீஜா மாமி, புறாவுக்குள் அரிசி அடைத்துச் சமைத்து எடுத்துக்கொண்டு ஒரு பட்டாளத்தோடு வந்துவிட்டாள். என்னை ஏற இறங்கப் பார்த்து, வயித்தைக் கிழிச்சவ மாதிரியா இருக்கே, கல்யாணத்துக்கு வந்தவ மாதிரில்ல உட்கார்ந்திருக்கே என்றாள். எனக்குப் பகீரென்றது, அவள் கண் உனக்குத் தெரியாதா! உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு யா அல்லாஹ் என்று முனக ஆரம்பித்தேன். நன்றாகவே முனகினேன் போல, நர்ஸ் ஓடிப்போய் நிஹாலைக் கூட்டிவந்துவிட்டாள். ஊசி வேலை செய்யவில்லையோ என்று பாவம் அந்தப் பொண்ணு முகம் செத்துப்போச்சு. வலிக்கு வேறு பெரிய மருந்தை எடுத்துவரச் சொன்னதும், வேறு வழியில்லாமல், வலியே இல்லை, மாமி கண்ணுக்குப் பயந்துதான் முனகினேன் என்று எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கே, இருமுங்க பார்ப்போம் என்றாள், இருமினேன், வலிக்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு நாள்தான் இந்த மரப்பு இருக்கும், அதுக்குள்ள எழுந்து நடங்க, நடிக்காதீங்க என்றாள். மாமி இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, போகட்டும். நிஹாலுக்கு நான் செய்யாத துஆ இல்லை.

அடுத்த மாதம் உனக்கும் கீறித்தான் எடுக்கணுமாமே, உங்க கதையைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தூக்கம் போச்சு உம்மா என்று அழுதாயே. குற்றம் என்மேல்தான், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பட்ட வலியை அளந்தவள் நான்தானே. வெட்கப்படாமல் உன் டாக்டரிடம் கேள், எனக்கும் இந்த ஊசி சரிப்படுமா, வலிக்கு என்ன செய்வீர்கள் என்று. பொறுத்துக்கொள்கிறேன் என்று வீறாப்புப் பேசாதே.

அல்லாஹ் உங்கள் இரண்டு உயிரையும் பத்திரமாகப் பிரித்துக் கையில் தருவான், ஆமீன். டாக்டரிடம் கேட்க மறந்துவிடாதே. நீ பிறந்தபோது வலியில் மூன்று நாள் உன்னை நான் தூக்கவே இல்லை, பக்கத்துக் கட்டில்காரிதான் மடியில் வைத்திருந்தாள். உன் பிள்ளையை நீயே முதலில் தூக்கு.

உன் உம்மா,
ஸவ்ஸன்