ஸ்கிரீனுக்கு ஆள் தெரியாது

பாப்பா இன்று சாயங்காலம் என் ஆபீஸ் பையைக் கவிழ்த்து, லேப்டாப்பை மெஷினோடு இணைக்கிற உன் கேபிளை எடுத்து வாயில் வைத்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். வாயைக் கழுவினேன், விரலை விட்டு நாக்கைப் பார்த்தேன், மறுபடியும் கழுவினேன். அவள் வீறிட்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் என் கையை முகர்ந்தேன். கூலன்ட் வாடை. இரும்பைக் கடையும்போது மெஷினில் ஊற்றுவார்களே, அந்தப் பால் நிறத் தண்ணீரின் புளித்த வாடை. உன் லேப்டாப்பைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொண்டது. கேபிளை யாரும் கேட்கவில்லை. நீ சுற்றிப் போட்ட நீல ரப்பர் பேண்டோடு உன் அம்மா அதை என்னிடம் கொடுத்தார். எவ்வளவு துடைத்தும் வாடை போகவில்லை.

அவள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. நாளைக் காலை, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வேண்டும். நம் ஆபீஸ் சார் அனுப்பிய ஸ்லைடுகளில் உன்னைப் பற்றி ஒரே வரி. ‘மெஷினைப் பூட்டாமல் தன்னிச்சையாக உள்ளே சென்றதால் நேர்ந்த விபத்து.’ உன் பெயர்கூட இல்லை. இதை என் வாயால் வாசிக்க வேண்டுமாம். உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த வாய் இது.

பர்கூர் காலேஜ் லேப் ஞாபகம் இருக்கிறதா? அதுவரை நமக்குப் புரோகிராம் என்றால் எழுதுவது, ஓட்டுவது, எங்கே தப்பு என்று தெரியாமல் முழிப்பது. அன்றைக்குத்தான் மெஷின்களை ஓட்டுகிற அந்தச் சின்னக் கன்ட்ரோலரில் முதல் முறையாகக் கேபிளைச் செருகினோம். ஏணிப்படி மாதிரி ஸ்கிரீனில் நாம் வரைந்திருந்த புரோகிராம் உயிர்பெற்றது. மேஜையில் பட்டனை அழுத்தினால் ஏணியில் அந்தப் படி பச்சையாகிறது. விட்டால் அணைகிறது. எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது, எல்லாம் அந்த நொடியே கண்முன்னால். ஓடிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம், மாற்றியது வேலை செய்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். நீ பட்டனை விடவே இல்லை. லேப் அட்டெண்டர் வந்து, “ஏம்மா, அது என்ன காலிங் பெல்லா?” என்று திட்டினார். நீ காதில் வாங்கவில்லை. ஜவளகிரியில் உங்கள் வீட்டில் பேசுகிற கன்னடம் தானாக வந்துவிட்டது உனக்கு. “நோடே, நோடே! பாருடி, நாம எழுதுனது மூச்சு விடுதுடி!”

அந்த மூச்சை நம்பித்தான் இரண்டு பேரும் ஓசூரில் வேலைக்கு வந்தோம். கம்பெனி கம்பெனியாகப் போய், மெஷினோடு லேப்டாப்பை இணைத்து, நிற்பதை ஓட வைக்கிற வேலை. அங்கே வந்த பிறகுதான் இன்னொரு வசதியின் முழு அர்த்தமும் தெரிந்தது. கதவு திறந்தால் மெஷினை நிறுத்துகிற சென்சர் என்ன சொன்னாலும் சரி, கதவு மூடித்தான் இருக்கிறது என்று மெஷின் எடுத்துக்கொள்ளும்படி லேப்டாப்பிலிருந்தே கட்டளை போடலாம். அதற்குப் பெயர் ஃபோர்ஸ். சோதித்துப் பார்ப்பதற்காக வைத்தது. நாம் போன இடங்களிலோ, சரக்கை ஏற்ற டிஸ்பேட்ச் லாரி வெளியே நிற்கும்போதெல்லாம் அதைப் போடச் சொன்னார்கள். “ஒரு ஃபோர்ஸ் போட்டு உட்டுருங்க மேடம், சென்சர காலையில மாத்திக்கலாம்.” எந்தக் காலையில் மாற்றினார்கள்?

நீ போடமாட்டாய். போடாதது மட்டுமில்லை, புரோகிராமில் ஓர் எண்ணை மாற்றுவதென்றாலும் எழுந்து போய் மெஷின் பக்கத்தில் நின்று கத்துவாய். “உள்ள யாராச்சும் இருக்கீங்களா? ஒளகே யாராதரூ இதீரா? லோபல எவரைனா உன்னாரா? அந்தர் கோயி ஹை?” நாலு மொழியிலும் கேட்டு முடித்த பிறகுதான் கீபோர்டு. ஆப்பரேட்டர்கள், “கண்டக்டர் வந்துட்டாங்கப்பா, டிக்கெட் எடுங்க” என்று சிரிப்பார்கள். எனக்குமே சில நாள் மானம் போகும்.

“எல்லாம்தான் லைவா தெரியுதே, எதுக்குடி தொண்ட கிழியக் கத்தற?” என்று கேட்டேன்.

“ஸ்கிரீனுக்கு ஆளு தெரியாதுடி. வயரு கட்டுனது மட்டுந்தான் தெரியும்.”

விபத்து நடந்த அன்றைக்கு, கஸ்டமர் கம்பெனியின் அந்தப் பழைய மெஷினுக்குள், இடம் மாறிப்போன ஒரு சுவிட்சைச் சரிசெய்ய நீ போனாய். கதவைத் திறந்ததும் மெஷின் நின்றது. நிற்க வேண்டும், நின்றது. அந்தக் கம்பெனியின் மாடி ஆபீசில் ஒருவனுடைய ஸ்கிரீனிலும் கதவுக்கான அந்தப் படி அணைந்தது. அந்த வாரம் முழுக்க அந்தக் கதவு சென்சர் சும்மாவே அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்ததாம். கீழே லைன் நிற்கிறது என்று மேனேஜர் போனில் கத்தினாராம். அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஃபோர்ஸ் போட்டான். படி பச்சையானது. நீ உள்ளே இருக்கும்போதே மெஷின் ஓடியது. அவனைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகிவிட்டது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவனே சொன்னான். வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குள் போகக்கூடாது என்று ஜவளகிரி ரோட்டிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள். உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. அவனும் அங்கே வந்து நின்று அழுதான். “மேடம், என் ஸ்கிரீன்ல டோர் ஃபால்ட்டுதான் காட்டுச்சு. ஆள் காட்டலீங்களே மேடம்.” அவனை அறைந்திருப்பேன். ஆனால் போனில் கத்தியவர் அன்று அங்கே வரவே இல்லை. விபத்தைப் பற்றி அந்தக் கம்பெனி கொடுத்த ரிப்போர்ட்டிலும் அவர் இல்லை. ஃபோர்ஸ் என்ற வார்த்தையே அதில் இல்லை. நீ மட்டும்தான் இருக்கிறாய், பூட்டாமல் போனவளாக.

பூட்டாம்! எந்தப் பூட்டு? கரண்டை அணைத்துப் பூட்டுகிற அந்தச் சிவப்புப் பூட்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வரிசையாக மாட்டி, ஆடிட்டர் வந்தால் காட்டுவதற்கு வைத்திருந்தார்களே, அதுவா? சேஃப்டி ஆபீசர் வீட்டுக்குப் போனால் பெட்டிச் சாவியும் அவரோடு போய்விடும். நீதான் அதைப் பார்த்துவிட்டு வந்து சிரித்தாய். “பூட்டுக்கே பூட்டு போட்டு வெச்சிருக்காங்கடி.” உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. சிரித்த நேரத்துக்கு அந்தக் கண்ணாடியை உடைத்திருக்கலாம். பூட்டு கொடுக்காவிட்டால் உள்ளே போகமாட்டேன் என்று கிளம்பி வந்திருக்கலாம். ஊருக்கெல்லாம் நாலு மொழியில் கத்தினாய். உனக்காக ஒரு சண்டை போடவில்லை.

இன்று மத்தியானம் சாருக்குப் போன் செய்தேன்.

“சார், அந்த ஸ்லைடுல தன்னிச்சையான்னு இருக்குது. அத எடுக்கணும்.”

“ஏம்மா, அது கஸ்டமர் குடுத்த ரிப்போர்ட்டு. அதுல நாம கை வெச்சா அவங்க நம்மள உள்ள விடுவாங்களா?”

“ஃபோர்ஸ் போட்டது அதுல இல்லயே சார்.”

சாரின் குரல் ரொம்ப மெதுவாகிவிட்டது. “உனக்குக் கைக்கொழந்த இருக்குது. இப்பதான் லீவு முடிஞ்சு வந்திருக்கற. யோசிச்சுப் பேசும்மா.”

போனை வைத்துவிட்டேன். என் பிள்ளையைக் காட்டி என்னையே மிரட்டுகிறார், அதுவும் அக்கறை மாதிரி. இவர்களுக்கு இது எங்கே சொல்லிக் கொடுக்கிறார்கள்?

யோசித்துவிட்டேன். நாளைக்கு அந்த ஸ்லைடைத் திறக்கமாட்டேன். ஆபீசில் செய்து காட்ட வைத்திருக்கிற, கன்ட்ரோலர் பொருத்திய டெமோ பேனலை மேஜையில் வைத்து, உன் கேபிளைச் செருகுவேன். அதன் சின்னக் கதவைத் திறந்து, படி அணைவதைக் காட்டுவேன். பிறகு ஃபோர்ஸ் போடுவேன். கதவு விரியத் திறந்து கிடக்கும், ஸ்கிரீன் பச்சையாக இருக்கும். எதை நம்புவீர்கள் என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்பேன். அப்புறம் உன் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்வேன். வேலை போனால் போகட்டும் என்று வீரமாக எழுத வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. காலையிலும் பயமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த வரியை வாசிக்கமாட்டேன்.

உன் பழக்கம் என்னிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. வீட்டில் வாஷிங் மெஷினைப் போடும் முன் மூடியைத் திறந்து கைவிட்டுத் துழாவுகிறேன். நாலு மொழியிலும் கேட்கிறேன். இவர் சிரிக்கிறார். பாப்பா எந்த மூலையில் இருந்தாலும் “ஆங்” என்கிறாள். அந்தக் குரல் மெஷினுக்கு வெளியிலிருந்து வந்த பிறகுதான் சுவிட்சில் கை வைக்கிறேன்.

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அன்றைக்கு ஒருவன் மாடியிலிருந்து இறங்கி வந்து, ஏதோ ஒரு மொழியில், ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். உள்ளேயிருந்து உன் குரல் ஷெட்டே அதிர வந்திருக்கும்.

“இருக்கேன்டா, இரு!”