துரை உட்காரும் இடம்

மர்பி டவுன்,
பெங்களூரு.
ஞாயிறு

அன்புள்ள சிந்துவுக்கு,

சௌம்யா எழுதுகிறேன். நீ கேட்காமல் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. இங்கே அப்பாவும் நானும் துரையும் இருக்கிறோம், அங்கே உனக்குக் குளிர் ஒத்துக்கொண்டது என்று அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். நீ போன் செய்யும்போது நான் சமையலறைக்குப் போய்விடுவது உங்கள் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்றுதான், வேறொன்றும் இல்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ படித்துவிட்டாயா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். கில்பர்ட் அங்கிள் புதன்கிழமை டொராண்டோவுக்கு மகள் வீட்டுக்குக் கிளம்புகிறார், அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, காலையில் ஏரிப் பக்கம் நடக்கிறார்.

துரையைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்த இந்த எட்டு மாதத்தில் அதனிடம் நான் செய்யாத தப்பு இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தெருப்பூனைதான். வந்த வாரமே கிண்ணம் நிறையப் பால் வைத்து அதற்கு வயிறு கெட்டுப்போனது. தூக்கினால் பழகும் என்று தூக்கினேன், கட்டைபோல் விறைத்துக்கொண்டது. கத்துவதில்லை, மடிக்கு வருவதில்லை, என்னைப் பிடிக்கவில்லை என்றே நினைத்தேன். பாலும் ஆகாது மீன்தலையும் ஆகாது என்றால் உங்க துரைக்கு பிரியாணி ஆர்டர் பண்ணும்மா என்று பக்கத்து வீட்டு சந்திரம்மா சிரித்தார். பிறகு உன் அம்மா, சொர்ணம் அக்காவின் ஃபைலில் அதன் சான்றிதழைப் பார்த்தேன். பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனம் என்று போட்டு, அப்பா அம்மா, தாத்தா பாட்டி, அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் பெயர்கூட இருந்தது. எங்கள் வீட்டில் தாத்தாவின் அப்பா பெயர் யாருக்கும் தெரியாது. முதலில் காலேஜுக்குப் போனவள் நான், எனக்குத் தெரிந்த ஒரே வழி படிப்பதுதான். அந்த இனத்தைப் பற்றிப் பரீட்சைக்குப் போல நோட்டில் குறிப்பெடுத்துப் படித்தேன். முடி அடர்த்தி, வாரம் ஒருமுறை சீவிவிட வேண்டும். சீக்கிரம் எடை போடும், அளந்து வைக்க வேண்டும். தூக்கினால் பிடிக்காது, மடியில் உட்காராது, ஆனால் நமக்குப் பக்கத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கும், அதன் பாசம் அவ்வளவுதான் என்று போட்டிருந்தது. துணி மடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன், நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தது. வந்த நாளிலிருந்து அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை.

போன மாதத்திலிருந்து அங்கேயும் உட்காருவதில்லை. அக்காவின் அறைக்கு முன்னால், பூட்டிய கதவைப் பார்த்தபடியே நாள் முழுக்க இருக்கிறது. ஐந்தரை கிலோ இருந்தது நாலரை ஆகிவிட்டது. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், நோய் எதுவும் இல்லை, ஆனால் பூனை சாப்பிடாமல் கிடந்தால் ஈரல் கெட்டுவிடும் என்றார். கையில் வைத்துக் கொடுத்தால் கொஞ்சம் தின்கிறது. அக்கா இருந்தபோது மத்தியானம் அந்த அறை ஜன்னலில்தான் தூங்கும் என்று அப்பா அப்போதுதான் சொன்னார். சாவியை என் கையில் வைத்து, திறந்துடு, அவகிட்ட நான் சொல்லிக்கறேன் என்றார். நான் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன். நீ ஏன் பூட்டிவிட்டுப் போனாய் என்று எனக்குத் தெரியும். உன் இடத்தில் நான் இருந்தாலும் பூட்டியிருப்பேன்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள். சாப்பிட்டாயா என்று அப்பா கேட்டால் பொய் சொல்லாதே, குரலிலேயே கண்டுபிடித்துவிட்டு அன்றைக்கு அவரும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒன்பது வயது மூத்தவள் உனக்கு ஆசீர்வாதம் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது வேண்டிக்கொள்கிறேன்.

கேட்க வந்தது இதுதான். மத்தியானம் இரண்டு மணி நேரம் அந்த அறையைத் திறக்கலாமா? ஜன்னலை அப்பா திறப்பார். அக்காவின் பொருள் எதையும் தொட மாட்டேன், உள்ளேகூட போக மாட்டேன், நாலடி தள்ளி வெளியிலேயே உட்கார்ந்துகொள்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இப்படிக்கு,
சௌம்யா