எனக்காக உள்ளே போனவனுக்கு

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், திருத்தணி பேருந்து நிலையத்தில் ஒருவர் என் கையில் ஒரு மஞ்சள் தாளைத் திணித்துவிட்டுப் போனார். 'இயேசுவே உன் மீட்கும்பொருள்' என்று பெரிதாக அச்சடித்திருந்தது; பிடிபட்டவனை விடுவிக்கக் கொடுக்கும் விலை என்று கீழே விளக்கம். காவடிகள் கடந்துபோகும்வரை அங்கேயே நின்று படித்தேன். உன் ஞாபகம் வந்தது. கூடவே பழைய சந்தேகமும்.

கனகம்மாசத்திரம் தாண்டி அன்று கரும்பு லாரியை ஓட்டியது நான். பகல் வெயிலில், மாற்று டிரைவராக வந்த நீ பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். ஒரு நொடி கண் அசந்துவிட்டேன். சைக்கிளில் வந்தவரின் கால் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. என் மகள் பிறந்து அன்று பத்தாவது நாள். "யார்ரா ஓட்டினது?" என்று போலீஸ்காரர் கேட்டபோது நான் வாய் திறப்பதற்குள், "நான்தாங்க" என்று நீ முன்னால் போனாய். நான் மறுக்கவில்லை. வழக்கு முடிந்து ஆறு மாதம் உள்ளே இருந்தாய்.

அந்த ஆறு மாதமும் நன்றியோடு இருந்தேன் என்று எழுதினால் பொய். இவன் எதற்காக இதைச் செய்தான் என்பதே யோசனை. சபைக்குப் போகிறவன், வெளியே வந்ததும் என்னையும் கூப்பிடுவான், வரமாட்டேன் என்றால் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். நீ வந்தாய். கூப்பிடவே இல்லை. சந்தேகம் இன்னும் கூடியது.

டீக்கடையில் ஒருநாள் நானே கேட்டேன். "எங்க முருகனுக்கு முடி குடுக்கறோம், வாங்கறவரு யாருன்னு தெரியும். உங்க ஏசு உயிரைக் குடுத்து எல்லாரையும் மீட்டாருன்றியே, யார்கிட்ட குடுத்தாரு? சாத்தான்கிட்டயா? கடவுள்கிட்டன்னா, புள்ளை உயிரைக் கேக்கறவரு என்ன கடவுளு?"

"தெர்லபா. பாஸ்டரு ஏதோ சொன்னாரு, எனக்கே ஒட்டல."

"அப்புறம் ஏன் நம்பிகினு கீற?"

"குடிச்சிட்டு ரோட்ல கெடந்தவன் நானு. அங்கேர்ந்து என்னை யாரோ இட்டாந்தாங்க. அது மட்டும் தெரியும்."

அதையும் நான் நம்பவில்லை. போன தையில் காமாலை கண்டு நீ இறந்துபோகும்வரை, எதையோ கேட்கப்போகிறாய் என்றே காத்திருந்தேன்.

அந்தத் தாளைப் படித்த இரவு, நீ கொடுத்த ஆறு மாதம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்றே யோசித்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் சைக்கிள்காரர் வீட்டுக்குப் போனேன். ஒற்றைக் காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அன்னிக்கு வண்டி ஓட்டினது நான்தாங்க" என்றேன்.

"தெரியும். ஸ்டியரிங்ல உன் மூஞ்சியதான் பாத்தேன். போலீஸ்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். உன்கூட இருந்தவரு ஜாமீன்ல வந்து, 'பச்சைக் கொழந்தை இருக்குதுங்க, அவனை வுட்டுடுங்க'ன்னு அழுதாரு. உனுக்காக இல்ல, அவருக்காக வுட்டேன். ஜெயில்லேர்ந்து வந்தப்புறம் வாரா வாரம் வருவாரு. சக்கரைப் புண்ணுக்குக் கட்டு மாத்த இட்டுகினு போவாரு. ஒன்பது வருசம். நீ ஒரு நாளாவது வருவேன்னு பாத்தேன்."

கிளம்பும்போது, "வர்ற வாரம் வருவியா?" என்றார்.

"ஆங், வரேங்க."

மூன்று வாரமாகப் போகிறேன். வண்டியில் பின்னால் உட்காரவைத்து அரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்ததும் என் முகத்தை உற்றுப் பார்க்கிறார். அவர் கேட்டதற்காக வருகிறேனா, வேறெதற்காவதா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒன்பது வருடம் நான் உன்னைப் பார்த்த பார்வை அது. ஒன்றும் சொல்லாமல், உன்னைப் போலவே, வண்டியைக் கிளப்புகிறேன்.