வாசலிலிருந்து தெரியக் கூடாத விளிம்பு

அன்புத் தம்பி கதிருக்கு,

நீ இல்லாமல் வந்திருக்கும் முதல் ஐப்பசி. கூடத்தில் மாட்டிய படத்தில் உன் மூக்கை நேராக்கியிருக்கிறார்கள். ஸ்டூடியோக்காரரை யார் கேட்டது? ஒரகடம் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தக் கூரை நீ போட்டது, எது அடுத்தவன் போட்டது என்று சொல்லிக்கொண்டே வருவாயே. அந்தப் பழக்கம் இப்போது எனக்கு வந்துவிட்டது.

என் மாடி அறையில் சிவகங்கைப் பெண்கள் இருவர் குடியிருக்கிறார்கள். தொழிற்சாலை வேலை. சென்ற வாரம் மறுபடி ஒழுகி அவர்களுடைய பாய்கள் நனைந்தன. கூரை ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தை மூட நீ தகரப் பட்டைகள் வைத்தாயே, ஃபிளாஷிங், அதன் இணைப்புகள் வழியாகத் தண்ணீர். பிள்ளைப்பாக்கத்து ஃபிட்டர் ஏறிப் பார்த்தார்.

"இன்னாம்மா, பட்டைய மாத்தி ஏத்தி வெச்சிகீது? மழ எந்தப் பக்கம் வரும்னு தெரியாதவனா போட்டான்?"

அந்தக் கூரை போட்ட நாள் உனக்கு நினைவிருக்கிறதா? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் பென்சிலோடு மேலே நின்றாய். கிழக்குப் பட்டை மேலே, மேற்குப் பட்டை அதன் அடியில் என்று சரியாகத்தான் வைத்திருந்தாய். மேற்கு வாசலில் நின்ற எனக்கு விளிம்புகள் தெரிந்தன.

"பாக்க சகிக்கல. மாத்திப் போடு."

"ஐப்பசி மழ கெழக்கால வரும்க்கா. அந்தப் பக்கம் வாய தொறந்து வெச்சா உள்ள பூந்துடும்."

"சொன்னதைச் செய்."

"காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கறவ சொல்ட்ட. மழைக்கும் ஒரு கிளாஸ் எடுத்துடு."

மாற்றினாய். அந்த ஆண்டே ஒழுகியது. கேட்டவர்களிடமெல்லாம், "கதிரு போட்டது, வேற எப்படி இருக்கும்?" என்றேன். அதைக் கேட்டுத்தான் சின்ன மாமா வடக்குப்பட்டு ஷெட் வேலையை வேறொருவனிடம் கொடுத்தார். மாமாவிடம் நான் அப்படிச் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தாய். ஏன் வாயைத் திறக்கவில்லை? சண்டை போடத் தெரியாதவனா நீ? கூலியாட்களிடம் நீ போடும் சத்தம் மணிமங்கலம் வரை கேட்குமே.

ஃபிட்டரிடம் சொன்னேன்: "போட்டவன் மேல தப்பில்ல. நான்தான் மாத்தச் சொன்னேன்." அவர் பட்டைகளைக் கழற்றப் போனார். அந்நியரிடம் சொல்வது எளிது.

ஞாயிறன்று சின்ன மாமா வீட்டில் உறவெல்லாம் கூடுகிறது. இலை போடுவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். சாப்பிட்ட பிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள். உன் மனைவி செல்வியும் வருவாள். இத்தனை ஆண்டுகளாக அவளும் நான் சொன்னதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தே சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
சரோஜா அக்கா