ஆற்றுக்கு அந்தப் பக்கம்

மார்ச் 4

என் அக்காவுக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். ஆலையில் இன்னும் பட்டாளத்துச் சட்டைக்குக் காஜா எடுக்கத்தான் உட்கார வைத்திருக்கிறார்களா? முதுகுவலிக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தைத் திறந்தாவது பார்த்தாயா?

இதோடு ஒரு மனு வைத்திருக்கிறேன். இரண்டு தரப்பும் நிற்கிற இடத்திலேயே நின்று, சண்டையை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும் என்று கேட்கிற மனு. மகனைப் பறிகொடுத்த தாய்மார் கையெழுத்துப் போட்டால்தான் மேலே இருப்பவர்கள் படிப்பார்களாம். உன் பெரியவன் போய் ஏழு மாதம்தான் ஆகிறது. கேட்க நா கூசுகிறது அக்கா. ஆனால் நான் ஆஸ்பத்திரியில் அடிபட்டு வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதுகிறவள். நேற்று ஒரே நாளில் நாற்பத்தொரு பையன்களுக்கு எழுதினேன். என் மகன் சின்னவனும் போர்முனையில்தான் நிற்கிறான். போட்டு அனுப்பு.

உன் தங்கை


மார்ச் 11

தங்கச்சி,

தைலம் தீர்ந்துவிட்டது, வலி தீரவில்லை. மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கையெழுத்து இல்லாமல்.

நெருப்பையும் பகையையும் மிச்சம் வைக்கக் கூடாது என்பார்கள். பத்து வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் பேசி நிறுத்தினார்கள். எதிரி நன்றாக இளைப்பாறிக்கொண்டு திரும்பி வந்தான். என் பிள்ளை போனான். இந்த முறை முழுசாக ஜெயித்துத்தான் முடிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அவனை ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவசர அவசரமாகப் புதைத்துவிட்டு நம் ஆட்கள் பின்வாங்கினார்கள். இப்போது நிற்கிற இடத்தில் கோடு போட்டால் என் மகன் அந்தப் பக்கத்து ஆளாகிவிடுவான். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும். கோபப்படாதே.

அக்கா


மார்ச் 19

அக்கா,

சின்னவனிடமிருந்து கடிதம் வந்தது. ஆற்றைக் கடக்கப்போகும் முதல் படகில் போகத் தானாகவே தன் பெயரைக் கொடுத்திருக்கிறான். காரணத்தையும் அவனே எழுதியிருக்கிறான்: "பெரியம்மா லெட்டர் போட்டிருந்தாங்கம்மா. 'உங்க அண்ணனைத் தனியா விட்டுராதடா, எப்படியாவது கொண்டு வந்துரு'ன்னு கேட்டிருந்தாங்க. வாக்குக் குடுத்துட்டேன்."

எனக்குத் தெரியாமல் என் பிள்ளைக்கு எழுதினாயா? நான் ஜுரத்தில் கிடந்தபோது அவனுக்குப் பால் கொடுத்தவள் நீ. நீ கேட்டால் அவன் மாட்டேன் என்பானா? நீ கேட்கிற முழு வெற்றிக்கு ஒரு படகு போக வேண்டும், அதில் முதல் ஆளாக என் மகன் உட்கார்ந்திருக்கிறான்.

மனுவை மறுபடியும் வைத்திருக்கிறேன். போடமாட்டாய் என்றால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

தங்கை


மார்ச் 23

தங்கச்சி,

எழுதினேன். பெரியவன் இறந்த அந்த மாதமே எழுதினேன். நம் படை போய் மீட்கும் என்றுதான் நினைத்தேன். போகிறவன் யார் என்று நினைக்கவில்லை. நாள் முழுக்கச் சட்டை தைக்கிறேன், ஒரு நாளாவது உள்ளே இருக்கப்போகிறவன் முகத்தை யோசித்திருக்கிறேனா? நான் செய்தது தப்பு.

என் எண்ணம் மாறவில்லை. பேசி நிறுத்துகிற போர் திரும்பவும் வரும். வரட்டும். அதற்குள் சின்னவன் பத்து வருஷம் வாழ்ந்திருப்பான்.

மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழே என் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'கோட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளையைப் புதைத்தவர்கள் போய்ப் பார்த்துவர வழிவிட வேண்டும்.' அந்த வரியை யாராவது அடித்தால் என் பெயரையும் சேர்த்து அடிக்கச் சொல். எங்கள் ஆலையில் என்னைப் போல இன்னும் ஆறு பேர். அவர்களையும் போட வைத்திருக்கிறேன். விடமாட்டேன்.

சின்னவனுக்கு எழுதி, சட்டை ஏற்ற வந்த ராணுவ லாரி டிரைவர் கையில் நேற்றே கொடுத்துவிட்டேன். உனக்குத் தெரியாமல் இனி அவனுக்கு ஒரு வரியும் எழுதமாட்டேன். எழுதியது இதுதான்:

'சின்னவனே, நீ கொடுத்த வாக்கு எனக்கு வேண்டாம். படகுப் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடு. உன் அண்ணன் அங்கேயே இருக்கட்டும். நீ வீட்டுக்கு வா.'

அக்கா