குமிழியாரின் பிறந்தநாளில் கண்ணாமூச்சி ஆடலாமா என்று கேட்டு விடுத்த ஓலை

மலை அசையாதிருக்க! மழை வழி தவறாதிருக்க! வெண்குன்ற நாட்டின் ஏழு வாயிலும் பகைக்கு அடைத்தும் விருந்துக்குத் திறந்தும் இருக்க!

பகைவர் முடிகளைப் படிக்கல்லாக்கிய கோமான் நெடுவேள் ஆதனாரின் வலக்கண்ணாக விளங்குபவரும், வடபாசறையில் அவர்தம் குடைநிழலில் வீற்றிருப்பவருமாகிய பேரமைச்சர் மணற்குடி நாகனார் திருமுன்பு, தலைநகர்ப் பிணைமாளிகையிலிருந்து கல்சுமந்த கொற்றன் நிலம் தோய வணங்கி விடுக்கும் ஓலை.

மாளிகைத் தலைவர் எயினனார் படையோடு புறப்பட்டபோது முத்திரையைக் கொற்றன் கையில் வைத்துப் போனார். எழுத்தறிந்தவர் எல்லாரும் போருக்குப் போய்விட, எஞ்சியவர்களில் நாலெழுத்துத் தெரிந்தவன் இவன் ஒருவனே. இவனும் மதிலுக்குக் கல் சுமந்த காலத்தில், எந்தக் கல் எந்த வரிசைக்கு என்று கல்தச்சர் வெட்டிவைத்த எழுத்துகளைத் தோளில் ஏற்றி ஏற்றி, தலை நரைத்த பின் கற்றவன். அரசோலையில் ‘நான்’ என்ற சொல் ஆகாது என்பதால் தன்னைப் பெயர் சொல்லியே எழுதுகிறான். பிறர் பேச்சை அவைக்கு ஏற்றபடி திருத்தும் வித்தை அவனுக்குக் கைவராதபடியால், அவரவர் வாயில் வந்ததை வந்தபடியே எழுதியிருக்கிறான். பொறுத்தருள்க.

செய்தி இது. கோமானுக்கு அடங்கிய ஐந்து வேளிரும், தாம் சொல் மீறோம் என்பதற்குப் பிணையாக விட்டுச்சென்ற ஐந்து பிள்ளைகள் இம்மாளிகையில் வளர்வதைத் தாங்கள் அறிவீர்கள். அவர்களுள் உப்பாற்று நாட்டு வேளின் மகள் குமிழியாருக்கு வருகிற முழுநிலவன்று எட்டு வயது நிறைகிறது. தனித்தனி அறையில் தனித்தனிக் காவலில் உறங்கும் பிள்ளைகள் அன்று ஒருநாள் மட்டும் பெருங்கூடத்தில் ஒன்றாகப் பாய் விரித்துப் படுக்கவும், உறக்கம் வரும்வரை தாம் விரும்பும் விளையாட்டையெல்லாம் ஆடவும் கோப்பெருந்தேவியார் மனமிரங்கி ஆணையிட்டார்கள். ஆணை வந்ததும் கொற்றனுக்கு வாயெல்லாம் பல். இதில் என்ன தொல்லை வரப்போகிறது, பாயும் பணியாரமும் தானே என்று நினைத்தான். நினைத்தது அவன் அறியாமை.

பிள்ளைகளை உட்காரவைத்து என்ன ஆடலாம் என்று கேட்டான். பாலைக்குறிச்சி வேளின் மகன் தித்தனார்தான் மூத்தவர், முதலில் எழுந்தார்.

“டேய் கொற்றா, அரசன் ஆட்டம் ஆடலாம். நான் அரசன். நீ யானை, குனி.”

முரசுக்காவலன் பிட்டன் கூடத்து மூலையிலிருந்து கையை உயர்த்தினான். “அண்ணே, இந்த மாளிகைக்குள்ள வேற ஒருத்தரு அரசன்னு சொன்னா அது கலகம். நான் முரசு அடிச்சாவணும்.”

“அப்ப நான் அமைச்சர்.”

அமைச்சர் என்றால் அது தங்களையல்லவா குறிக்கும் என்று கொற்றன் அதற்கும் இசையவில்லை.

“அப்ப நான் என்னதான்டா ஆவறது?”

“யானையா இருங்க தம்பி. யானைக்குச் சட்டமே கிடையாது,” என்றான் பிட்டன். தித்தனார் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

வடம் இழுக்கலாம் என்றார் ஒருவர். இரண்டு பிள்ளைகளின் நாடுகள் ஒரே ஏரிக்கு வழக்காடி நிற்கின்றன. இங்கே யார் வடத்தை விட்டாலும் அங்கே ஏரியை விட்டதாகப் பேச்சு போகும் என்று கொற்றன் அதையும் தள்ளினான். சரி, பல்லாங்குழி என்றான். “அது உக்காந்து ஆடுறது. நாங்க தினமும் உக்காந்துதான இருக்கோம்?” என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

கடைசியில்தான் குமிழியார் வாய் திறந்தார்.

“கல்லுக்காரரே, கண்ணாமூச்சி ஆடலாமா?”

மாளிகைச் சட்டத்தைப் பிள்ளைகளும் அறிவார்கள். பிணைப்பிள்ளை ஒன்று கண்ணுக்கு மறைந்து, காவலன் தேடி, ‘காணேன்’ என்று சொல்வானாயின் முரசு அறையப்படும். அவ்வொலி மலைக்கு மலை முரசாக மாறிப் போய் எல்லையைத் தொட்டதும், அங்கே சேணம் இறக்காமல் நிற்கும் குதிரைப்படை அப்பிள்ளையின் நாட்டுக்குள் தீயோடு புகும்.

“நீ ஒளிஞ்சா உங்கப்பன் ஊரு எரியும்டி,” என்றார் தித்தனார், சுவரைப் பார்த்தபடியே.

குமிழியார் அழவில்லை. விரலால் தரையில் ஏதோ கோடு இழுத்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் சின்னதாத்தான் ஒளிஞ்சிப்பேன். காலு வெளிய தெரியட்டும். அப்ப எரியாதுல்ல?” என்று கேட்டார்.

பேரமைச்சர் அவர்களே, கொற்றன் தன் வாழ்நாளில் தூக்கமாட்டாமல் கீழே வைத்த சுமை இரண்டோ மூன்றோ இருக்கும். இக்கேள்வி அவற்றுள் ஒன்று.

கால் தெரிந்தால் குற்றமில்லை என்று தானே முடிவு செய்து, அங்கேயே ஒருமுறை ஆடிப்பார்க்கச் சொன்னான். கண்ணைப் பொத்தினான். பொத்தும்போதே பிட்டன், “அண்ணே, பயப்படாதீங்க, இடப்பக்கத் தூணு,” என்றான். கண்ணைத் திறந்தால், தூணுக்குப் பின்னாலிருந்து சிலம்பணிந்த பாதம் ஒன்று, விற்பனைக்கு வைத்தது போல வெளியே நீண்டிருந்தது. கொற்றன் அங்குமிங்கும் போவதாகப் போய், “ஆ, பிடித்தேன்!” என்றான். குமிழியார் வெளியே வந்து அவனை ஏறிட்டுப் பார்த்தார்.

“நீங்க தேடவே இல்லையே.”

“தேடினேனே தாயே.”

“இல்ல. பாத்துக்கிட்டே வந்தீங்க. இங்க வந்த நாள்லேர்ந்து எல்லாரும் என்னைப் பாத்துக்கிட்டேதான் இருக்காங்க. யாருமே தேடினதில்ல. எங்க வீட்டுல அம்மா தேடுவாங்க. தானியக் குதிருல கைய விட்டுக்கூடத் தேடுவாங்க.” பிறகு, “எனக்குப் பரிசு வேணாம். ஒரு தடவ தேடுங்க, போதும்,” என்றார்.

அன்று முதல் பிட்டனும் சோறு சரியாக உண்ணவில்லை. முரசுத்தோலை வெயிலில் காட்டாமல் வைத்திருக்கிறான். கேட்டால், “ஈரமா இருந்தா சத்தம் கம்மியாத்தான் போவும்ணே,” என்கிறான். அதுவும் குற்றம்தான். அதையும் எழுதிவிட்டான் கொற்றன்.

இன்னும் ஒன்று மறைக்கலாகாது. பெருங்கூடத்துக்குப் பின்முற்றத்தில் மழைநீர் வெளியேறும் தூம்பு ஒன்று உண்டு. அதன் கற்களைச் சுமந்து வந்து வைத்தவனே கொற்றன்தான். ஆள் நுழையமாட்டான், எட்டு வயதுப் பிள்ளை நுழையும். சென்ற மழையில் குமிழியார் அதன் அருகே நின்று, “இந்தத் தண்ணி எங்க போவுது?” என்று கேட்டார். “உங்க உப்பாத்துக்குத்தான் தாயே,” என்று இவனும் வாய்க்கு வந்தபடி சொல்லிவைத்தான். வாய்க்கு வந்தாலும் அது மெய்தான். பிள்ளை ஒன்றுக்குமில்லாமல் கேட்டதோ, கருதிக் கேட்டதோ, அவன் அறியான்.

ஆகவே நேற்று ஒரு கல்லைச் சுமந்து தூம்பின் வாய்வரை கொண்டுபோனான். கல் சரியான அளவுதான். உள்ளே தள்ளக் குனிந்தபோது, அந்தத் துளை வழியே சிறு காற்று வந்து முகத்தில் பட்டது. இதையும் அடைத்துவிட்டால் இம்மாளிகையில் ஒளிய இடமே இல்லை என்று தோன்றியது. அடைக்காவிட்டால் ஒரு நாடு எரியும் என்றும் தோன்றியது. கல்லை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டான். இன்னும் வாயருகேதான் கிடக்கிறது. அடைக்கவும் ஆணை வேண்டும், அடைக்காதிருக்கவும் ஆணை வேண்டும்.

விரும்பியதை ஆடுக என்பது தேவியார் ஆணை. மறையலாகாது என்பது கோமான் ஆணை. தேவியார் ஆணையை மீறினால் பிள்ளை முகம் வாடும், கோமான் ஆணையை மீறினால் ஊர் வேகும். இரண்டுக்கும் நடுவே கல் சுமந்தவன் ஒருவன் முத்திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தங்களையே கேட்கிறான். ஆனால் பாசறைக்கும் நகருக்கும் நடுவே ஆறு கரைபுரண்டு கிடக்கிறது. இவ்வோலை வந்து சேர்ந்து, தாங்கள் படித்து, மறுஓலை இங்கே திரும்புவதற்குள் முழுநிலவு கடந்திருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறான், எழுதாமல் இருக்க மாட்டாமையால்.

மறுஓலை வரும்வரை இம்மாளிகையில் நடக்கவேண்டியதை, கையிலுள்ள முத்திரையின் பேரால் கொற்றன் பின்வருமாறு ஆணையிடுகிறான்.

முழுநிலவன்று பெருங்கூடத்தில் ஐந்து பாய்கள் ஒட்டி ஒட்டி விரிக்கப்படுக. தித்தனார் யானையாகவோ, தாம் விரும்பும் வேறெதுவாகவோ இருக்க. பணியாரம் தீர்ந்தபின் கண்ணாமூச்சி ஆடப்படுக. குமிழியார் முழுமையாக ஒளிக, கால் தெரியவேண்டுவதில்லை. கண்பொத்துபவன் கொற்றன். தேடுபவனும் கொற்றன். தூணைக் காட்டிக்கொடுப்பது பிட்டனுக்கு விலக்கு. தூம்பின் வாயருகே கிடக்கும் கல் கிடந்தபடியே கிடக்க. சட்டப்படி, தேடிய காவலன் வாயால் ‘காணேன்’ என்று சொல்லாதவரை முரசுக்கு ஒலி இல்லை. அச்சொல்லை வேறெவரும் சொல்லலாகாது. கொற்றன் அதைச் சொல்லமாட்டான். குதிரிலும் கைவிட்டுத் தேடுவான். கிடைத்தால் நன்று. கிடைக்காவிட்டாலும் தேடுவான்.

மறுஓலை கொண்டுவரும் தூதன் வாயிலில் கொற்றனைக் காணாவிட்டால், அவன் ஓடிப்போனான் என்று கருதற்க. உள்ளே தேடிக்கொண்டிருக்கிறான்.

குடை நிழல் குறையாதிருக்க. பிள்ளைகள் உறங்குக.

இது பிணைமாளிகை முத்திரை. இது ஆணை. இது கல்சுமந்த கொற்றன் கைந்நாட்டு அன்று, எழுத்து.