வெளுத்த மோதிரம்

16-6-87, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஏ ஷிஃப்ட். வைண்டிங் செக்‌ஷனுக்கு இரண்டு மோட்டார் திரும்பி வந்தது. ஆபரேட்டரைத் திட்டினேன். தப்பு அவனுடையது இல்லை என்று பிறகு தெரிந்தது. அவனிடம் சொல்லவில்லை.

வாங்க: சைக்கிள் பிரேக் கட்டை, அம்மாவுக்கு மாத்திரை, ப்ளேடு.

வீட்டில் தங்கச்சி விஜயா வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டே சோறு போட்டாள். பிடித்து இழுத்துப் பார்த்தேன். போன மாதம் நிச்சயத்தன்று கிருஷ்ணகிரி மாப்பிள்ளை வீட்டார் போட்ட மோதிரம். பாதி மஞ்சள், பாதி அலுமினியக் கிண்ணம் மாதிரி வெள்ளை.

"தேச்சுப் பாத்தேன்ணா. போக மாட்டேங்குது."

தங்கம் வெளுக்காது. பித்தளைக்கு முலாம் பூசிக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய குடும்பமாம்.

18-6, வியாழன்

மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அளவு ஜாக்கெட் வாங்க. கல்யாணம் ஆவணியில். வாசலிலேயே விஜயாவின் முகவாயைப் பிடித்துத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல் பார்ப்பது போல.

"பரவால்ல, தெளிஞ்சிருக்குது. விடாம தடவு. எங்க வூட்டுல எல்லாருமே செவப்பு."

நிச்சயத் தட்டில் பூ, பழம், புடவையோடு இரண்டு க்ரீம் டப்பாவும் வைத்துக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். பெங்களூர்ச் சரக்கு, லேபிள் கிடையாது. அன்றே தட்டைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அம்மா சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு மோதிரத்தைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, நாங்க போட்ட மோதரம் எங்க?"

"இதுதாங்க அது," என்றாள் அம்மா.

"இதுவா? ஈயத்தக் காட்டி யாரை ஏமாத்தறீங்க? வித்துட்டு வேற மாத்தி வெச்சிட்டீங்களா?"

பக்கத்து வீட்டு ஜன்னல் இரண்டும் திறந்தது. நான் ஏதோ கத்தினேன். அந்தம்மா அளவு ஜாக்கெட்டை வாங்காமலே கிளம்பிவிட்டார். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டுமாம், பெரியவர்கள் முன்னால்.

திருட்டுக் குடும்பம் என்று பேராகிவிட்டது. சும்மா விட மாட்டேன்.

19-6, வெள்ளி

சாப்பாட்டு நேரத்தில் மோதிரத்தை லேப் தராசில் காற்றில் ஒரு தடவை, தண்ணீரில் தொங்கவிட்டு ஒரு தடவை எடை போட்டேன். அடர்த்தி பதினேழுக்கு மேல், நகைத் தங்கத்தின் கணக்கு. ஈயமென்றால் பதினொன்று, பித்தளை எட்டரை. இரண்டாம் தடவையும் அதே.

லேப் மஞ்சுநாத் எட்டிப் பார்த்து, "ஏனப்பா, அடகுக்கடை எப்ப தொறக்கறே?" ஆள் கன்னடம், கிண்டல் மட்டும் தமிழில்.

ஆக நல்ல தங்கம். அவர்களும் ஏமாற்றவில்லை, நாங்களும் மாற்றவில்லை. பிறகு எப்படி வெளுத்தது?

பஸ்ஸில் வரும்போது உறைத்தது. பாலிடெக்னிக் லேபில் பாதரசம் கொட்டிய அன்று, கையால் அள்ளிய ஒருத்தனின் மோதிரம் இப்படித்தான் ஆனது.

விஜயா பாதரசத்தை எங்கே தொட்டாள்?

21-6, ஞாயிறு

தினமும் அவள் விரல் தொடுவது அந்த க்ரீமைத்தான். வைண்டிங் கழிவிலிருந்து ஒரு செம்புப் பட்டை. எமரித் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். பாதியில் க்ரீம், பாதி சும்மா. காபி குடித்துவிட்டு வந்து துடைத்தேன். க்ரீம் பட்ட பாதி கண்ணாடி மாதிரி வெள்ளி நிறம்.

பாகலூர் ரோடு நகை ஆசாரியிடம் மோதிரத்தைக் காட்டினேன். விரலால் கூடத் தொடவில்லை அவர்.

"பாதரசம் குடிச்சிருக்குது தம்பி. சூடு காட்டினா ஓடிப்போயிடும், பழைய மஞ்சள் வந்துரும். பொகை பட்டா ஆளும் போயிடுவான். இதைப் போட்டுக்கிட்டா சோறு திங்குது உன் தங்கச்சி?"

சோறும் தின்கிறாள், முகத்திலும் தடவுகிறாள். காலை ஒன்று, மாலை ஒன்று. ஒரு வாரமாக டம்ளர் பிடித்தால் கை நடுங்குகிறது. ஈறு வலி. வாயில் இரும்பு ருசி என்றாள். கல்யாணப் பயம் என்று அம்மா மிளகு ரசம் வைத்தாள்.

மூன்றாவது டப்பா வாங்கிக் கொடுத்தது நான். பெங்களூரில் கடை கடையாக ஏறி. முகம் வெளுத்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டது நான்.

22-6, திங்கள்

டாக்டர்: க்ரீமை இன்றோடு நிறுத்து. சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பெங்களூர் அனுப்ப வேண்டும். நடுக்கம் குறைய மாதக் கணக்காகலாம்.

என்ன செய்யலாம்:
1. மாப்பிள்ளை ரவியின் ஆபீஸ் வாசலில் நாலு வார்த்தை. பத்தாது.
2. மொட்டைக் கடிதம். கோழை வேலை.
3. அந்தம்மாவின் வளையலிலேயே க்ரீமைத் தடவிக் காட்டுவது, அவர்கள் பெரியவர்கள் முன்னால். இதுதான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

28-6, ஞாயிறு

கிருஷ்ணகிரி. நானும் அம்மாவும். அவர்கள் கூடத்தில் ஏழெட்டுப் பெரியவர்கள், வெற்றிலைத் தட்டு. ரவி தூணோரம். அவன் அப்பா மூலையில், செய்தித்தாளோடு.

செம்புப் பட்டையைக் காட்டினேன். க்ரீமைத் தடவினேன். துடைத்தேன். பட்டை கைக்குக் கை மாறிப் போனது.

"செப்புத் தகட்ட வெச்சிக்கிட்டு மோடி வித்தை காட்டறியா? இதுவும் தங்கமும் ஒண்ணா?" என்றார் அந்தம்மா.

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

"ஒண்ணு இல்லைங்க. அதனால உங்க வளையல்ல தடவிப் பாத்துரலாம். கையைக் குடுங்க."

நெருப்புப் பட்டது போலக் கையை இழுத்துக்கொண்டார். அப்போது மூலையிலிருந்து அவர் வீட்டுக்காரர், தாளை மடிக்காமலே:

"எதுக்கு இழுக்கற? தெனம் வளையலக் கழட்டி அலமாரில வெச்சிட்டுத்தான தடவிக்கற. நெசமா பொய்யான்னு இவங்களும் பாக்கட்டுமே."

ஒரு கிழவர் வெற்றிலையைத் துப்பிவிட்டே சிரித்தார். அந்தம்மாவை எல்லாரும் பார்த்தார்கள். நிறத்தில் முகம் ஒரு ஊர், முழங்கை ஒரு ஊர். எங்க வூட்டுல எல்லாரும் செவப்பு!

"நகையில படக்கூடாதுன்னு தெரியும். ஆனா எங்க வீட்டுப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லல. அப்புறம் நாங்க திருடங்க," என்றேன். அம்மா என் சட்டையை இழுத்தாள். நிறுத்தவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் பேசினேன். அந்தம்மா அழுதார். நன்றாக இருந்தது. பொய் எழுதுவானேன், மிக நன்றாக இருந்தது.

பஸ் ஸ்டாண்ட் வரை ரவி ஓடி வந்தான். "மச்சான், கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க. அம்மாவை உங்க வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேக்க வெக்கறேன்." கெஞ்சட்டும். யோசிக்கிறேன் என்று கை குலுக்கினேன். பையன் பாவம், நல்லவன்.

29-6, திங்கள்

பி ஷிஃப்ட் போகும் முன் விஜயாவிடம் முழுக் கதையும் நடித்தே காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு என்ன சொன்னாரு?"

"ரவியா? கெஞ்சறான்."

"அதில்ல. நம்மளைத் திருடங்கன்னு சொன்னப்ப?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாளும் ஒரு கடிதம் கூட இல்லை.

"டப்பாவைத் தட்டுல வெக்கச் சொன்னதே அவருதாண்ணா. நிச்சயத்தன்னைக்கு சாமி ரூம்ல தனியாப் பேசணும்னாரே, அப்ப சொன்னாரு. 'கல்யாணத்துக்கு ஆபீஸ்ல எல்லாரும் வருவாங்க. அதுக்குள்ள கொஞ்சம் கலராகிடு.' அவங்கம்மாவையே தடவிக்கச் சொல்லி வாங்கிக் குடுக்கறதும் அவருதானாம். பெருமையாச் சொன்னாரு."

ஊரைக் கூட்டி நான் கிழித்தது அந்தம்மாவை. அவனிடம் கை குலுக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

"ஏண்டி முன்னாடியே சொல்லல?"

"தராசக் கேட்ட. செம்பைக் கேட்ட. ஆசாரியக் கேட்ட. என்னை எங்க கேட்ட?"

ஷிஃப்டுக்கு இருபது நிமிஷம் லேட்.

30-6, செவ்வாய்

வெயில். மோதிரத்தை ஆசாரியிடம் கொடுத்து மஞ்சளாக்கி, ரவி மூஞ்சியில் எறிந்துவிட்டு வருவதாகச் சொன்னேன். விஜயா ஒத்துக்கொள்ளவில்லை.

"சூடு காட்ட வேணாம். நீயும் போக வேணாம். அவரை வரச் சொல்லு."

அம்மா அழுதாள். ஆவணிக்குப் பிறகு யார் வருவார்கள், இந்த நிறத்துக்கு, இந்தப் பேருக்கு என்றாள். விஜயா அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

ரவியின் ஆபீஸுக்கு ட்ரங்க் கால் போட்டேன். நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டான். திருத்தவில்லை.

2-7, வியாழன்

ஓசூர் பஸ் ஸ்டாண்ட், காலை பத்து. ரவி இஸ்திரிச் சட்டையில், கையில் ஸ்வீட் பாக்கெட். விஜயாவைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனேன். முகத்தில் பவுடர் கூட இல்லை. க்ரீம் நிறுத்தியதில் திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கிறது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நிமிர்ந்தே நடந்தாள்.

மோதிரத்தையும் பாதி டப்பாவையும் அவன் கையில் வைத்தாள்.

"மோதரம் நல்லா வெளுத்திருக்குது. உங்களுக்குப் புடிக்கும். க்ரீம் மீதி இருக்குது. ஆபீஸ்ல எல்லாரும் வர்றதுக்குள்ள நீங்க போட்டுக்கங்க."

டிக்கெட் எடுக்க நின்ற கூட்டம் மொத்தமும் கேட்டது. அவன் என்னைப் பார்த்து, "மச்சான், என்ன இது..."

"மச்சான்னு கூப்பிட்டா பல்லு இருக்காது," என்றேன். விஜயாவிடம், "ரெண்டு அறை விடட்டுமா?"

"நீ சைக்கிளப் புடிச்சா போதும்," என்றாள்.

பிடித்தேன்.